மறுப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது?

(திருகோணமலை மாவட்டத்து உப்புவெளியில் ஆங்கில ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நமது பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளில் தப்பாமல் சிவப்புக் கோடு வாங்குகிற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு பேச வந்திருக்கிறேன். ‘எனிபொடி டிட் நொட் கம்’ என்பது அந்த வாக்கியம். ‘யாரும் வரவில்லை’ என்று சொல்ல நினைத்த பிள்ளை அப்படி எழுதுகிறது. ஆசிரியர் அதை வெட்டிவிட்டு ‘நோபொடி கேம்’ என்று மேலே எழுதிக் கொடுக்கிறார். பிள்ளையும் பார்த்து எழுதுகிறது. அடுத்த கிழமை மறுபடியும் ‘எனிபொடி’ வந்து நிற்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகளில் வேலைக்குச் சேரும் இளைஞரின் பேச்சிலும், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் பட்டதாரியின் எழுத்திலும் இதே பிழை வேறு வேறு உருவில் வருகிறது. பாடசாலைக் காலம் முழுவதும் ஆங்கிலம் படித்தும் போகாத ஒரு பிழையை அறியாமை என்றோ கவனக்குறைவு என்றோ தள்ளிவிட முடியாது. அந்தப் பிள்ளை தமிழ் இலக்கணத்தைச் சரியாகக் கைக்கொள்வதால்தான் இந்தப் பிழை வருகிறது என்பது என் கருத்து. ஆகவே அதற்கு மருந்தும் தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. அந்த இலக்கணத்தை நாம் மறந்துபோனதால் பிள்ளைகளின் ஆங்கிலம் மட்டுமா பழுதுபட்டது? நமது அறிவித்தல்களின் தமிழும் சேர்ந்தே பழுதுபட்டிருக்கிறது. இந்த இரண்டையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நமது மொழி மறுப்பை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். ‘யார்’ என்பது வினாச்சொல். அதோடு ‘உம்’ சேர்ந்தால் ‘யாரும்’. அப்படியே எவரும், எதுவும், எங்கும், எப்போதும். ஒன்று என்ற எண்ணோடு சேர்த்தால் ஒருவரும், ஒன்றும். இந்தச் சொற்களில் ஒன்றிலாவது மறுப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அகப்படாது. ‘யாரும் வரலாம்’ என்றால் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ‘யாரும் வரக்கூடாது’ என்றால் எல்லாருக்கும் மூடியிருக்கிறது. இரண்டிலும் ‘யாரும்’ அதே ‘யாரும்’தான். கதவைத் திறப்பதும் மூடுவதும் கடைசியில் வரும் வினைச்சொல். ‘வரேல்லை’ என்று பேசினாலும் ‘வரல்ல’ என்று பேசினாலும் இலக்கணம் மாறுவதில்லை. ‘என்ன நடந்தது?’ என்று கேட்டால் ‘ஒண்டுமில்லை’ என்கிறோம். ‘ஒண்டும்’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் கேட்டவர் மீதிக்காகக் காத்திருப்பார். ஆங்கிலத்திலோ அதே கேள்விக்கு ‘நத்திங்’ என்ற ஒற்றைச் சொல் போதும், ‘யார் வந்தது?’ என்ற கேள்விக்கு ‘நோபொடி’ போதும். அவர்களுடைய சொல் மறுப்பைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது.

இனி அந்தப் பிள்ளையின் மனத்தில் நடப்பதைக் கவனியுங்கள். ‘யாரும்’ என்றால் ‘எனிபொடி’ என்று அது படித்திருக்கிறது. ‘யாரும் வரலாம்’ என்பதை ‘எனிபொடி கேன் கம்’ என்று எழுதுகிறது, சரி. ‘நான் யாரையும் காணவில்லை’ என்பதை ‘ஐ டிட் நொட் சீ எனிபொடி’ என்று எழுதுகிறது, அதுவும் சரி. இரண்டு முறை சரியாக வந்த சமன்பாட்டை மூன்றாவது முறையும் போடுகிறது. ‘எனிபொடி டிட் நொட் கம்’ என்றதும் சிவப்புக் கோடு விழுகிறது. ஏன் விழுந்தது என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காரணம் சிக்கலானதன்று. ‘எனி’ குடும்பத்துச் சொற்கள் மறுப்பு வாக்கியத்தில் வரவேண்டுமானால் மறுப்புச் சொல் அவற்றுக்கு முன்னே வந்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தின் ஏற்பாடு. ஆங்கிலத்தில் எழுவாய் முதலில் வருகிறது. மறுப்பைச் சுமக்கும் ‘டிட் நொட்’ அதற்குப் பின்னால் வருகிறது. செயப்படுபொருள் இன்னும் பின்னால். ஆகவே செயப்படுபொருளாக வரும் ‘எனிபொடி’க்கு முன்னே மறுப்பு நிற்கிறது, எழுவாயாக வரும் ‘எனிபொடி’க்கு முன்னே எதுவும் நிற்பதில்லை. அந்த இடத்தில் மறுப்பு எழுவாய்க்குள்ளேயே புகுந்துகொள்ள வேண்டியதாகிறது. நோபொடி, நத்திங், நன் என்ற சொற்கள் எழுவாய் இடத்தில் இன்றியமையாதவையாக இருப்பது இதனால்தான். தமிழில் திசையே வேறு. நமது வினை எப்போதும் கடைசியில் வருகிறது. யாரும், எதுவும் எல்லாம் எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் மறுப்புக்கு முன்னேதான் நிற்கின்றன. அதனால் இரண்டு இடத்துக்கும் ஒரே சொல் போதுமாகிறது. பிள்ளை செய்த பிழை இந்தச் சொல்லொழுங்கின் வேறுபாட்டில் முளைத்தது. இதை ஒரு கரும்பலகையில், இரண்டு வாக்கியங்களின் கீழே மறுப்புச் சொல்லுக்குக் கோடு போட்டு, ஒரு பாடவேளைக்குள் காட்டிவிடலாம்.

இதற்கு எதிர்முனையிலும் ஒரு பிழை உண்டு. ‘நோபொடி’யைக் கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்ததாக ‘நோபொடி டிட் நொட் கம்’ என்று எழுதும். ‘யாரும்’ என்பதற்கு ‘நோபொடி’யைப் போட்டாயிற்று, ‘வரவில்லை’ என்பதற்கு ‘டிட் நொட் கம்’ போட்டாயிற்று. இங்கே ஆசிரியர்கள் வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள்: இரண்டு மறுப்புச் சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடும், கணக்கில் இரண்டு கழித்தல் குறி கூட்டலாவது போல என்று. இந்த விளக்கம் நிலைக்காது. பழைய ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் வினைக்கு முன்னே ஒரு மறுப்பும் பெயரில் இன்னொரு மறுப்பும் சேர்ந்து வருவது சாதாரண வழக்கு. பதினான்காம் நூற்றாண்டில் சோசர் தம்முடைய காவியத்தில் வீரன் ஒருவனின் பண்பைச் சொல்லும்போது மறுப்பின் மேல் மறுப்பாக நான்கை அடுக்குகிறார். நான்கும் சேர்ந்து அவன் பண்புக்கு அழுத்தம் கொடுக்கின்றன, ஒன்றையொன்று அழித்துவிடவில்லை. இரண்டு மறுப்பும் ஒன்றையொன்று அழிக்கும் என்ற விதியைப் பாடநூல் விதியாக நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் லவுத் என்ற பாதிரியார். அவருடைய ஆங்கில இலக்கணம் வெளிவந்தது 1762இல். இன்றும் லண்டன் தொழிலாளர் பேச்சிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலும் இரட்டை மறுப்பு உயிரோடு இருக்கிறது; அவர்கள் சொல்வது ஒருவருக்கும் விளங்காமற் போவதில்லை. ஆகவே நாம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது, பரீட்சைக்கும் அலுவலகத்துக்கும் உரிய தரமான ஆங்கிலம் வாக்கியத்துக்கு ஒரு மறுப்பைத்தான் ஏற்கிறது என்பதே. அது ஒரு வழக்கு. அதைத் தர்க்கம் என்று சொல்லிக் கொடுத்தால், ‘யாரும் வரவில்லை’ என்று பேசும் தன் தாய்மொழி தர்க்கத்தில் குறைந்தது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

‘நன்’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ‘ஒன்றில்லை’ என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்ததால் எப்போதும் ஒருமை வினையோடுதான் வரவேண்டும் என்று சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆங்கில வழக்கில் இரண்டும் உண்டு. ஒருமைதான் சரி என்ற எண்ணம் தவறு என்று ஃபவுலர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியிலேயே எழுதிவிட்டார். இந்தச் சச்சரவு தமிழில் எழாது. இல்லை, உண்டு, வேறு ஆகிய சொற்கள் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவானவை என்று நன்னூல் வகுத்திருக்கிறது. ஒருவர் இல்லை, பலர் இல்லை, ஒன்று இல்லை, பல இல்லை: ‘இல்லை’ மாறவே மாறாது.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். தமிழில் ‘நோபொடி’க்கு நேரான சொல் இல்லை என்பதே ஒரு குறைபாடுதானே என்று படித்தவர்களே கேட்பதுண்டு. ஒரு மொழிக்கு உரியது இன்னொரு மொழியில் இல்லாதிருப்பதைக் குறை என்று சொல்வதற்கு முன், உலகத்து மொழிகள் பெரும்பாலும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். இதை எண்ணிப் பார்த்தவர் மார்ட்டின் ஹாஸ்பெல்மாத் என்ற மொழியியலாளர். உலக மொழிகளின் அமைப்புகளை வரைபடமாக்கிய பெருந்தொகுப்பில் அவர் 206 மொழிகளை ஆராய்ந்தார். அவற்றில் 170 மொழிகள் ‘யாரும்’ போன்ற சொல்லோடு வினையிலும் மறுப்பை வைக்கின்றன. மறுப்பைப் பெயரிடத்துச் சொல்லில் மட்டும் வைத்து வினையை உடன்பாடாகவே விட்டுவிடும் மொழிகள் 11தான். ‘நோபொடி கேம்’ என்னும் அமைப்பு உலகத்தில் அரிதானது. நாம் பெரும்பான்மையோடு நிற்கிறோம்.

தொலைவுக்குப் போக வேண்டியதுமில்லை. நம் மாவட்டத்தில் பெயர்ப்பலகைகள் மூன்று மொழியில் இருக்கின்றன. சிங்களத்தில் ‘கவுரு’ என்றால் யார். அதோடு ‘வத்’ சேர்ந்து ‘கவுருவத்’. ‘கவுருவத் ஆவே நே’ என்றால் யாரும் வரவில்லை. வினாச்சொல், அதன்மேல் ஓர் இடைச்சொல், கடைசியில் மறுப்பு. சொல்லுக்குச் சொல் நமது அமைப்பு. யப்பானிய மொழியிலும் ‘தரே’ என்ற வினாச்சொல்லோடு நம் உம்மையைப் போலவே பயன்படும் ‘மோ’ என்ற இடைச்சொல் சேர்ந்து, கடைசியில் வினையில் மறுப்பு வருகிறது. ஆகவே திருகோணமலையில் தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை, சிங்களப் பிள்ளை மூவரும் ஒரே இடத்தில் ஒரே காரணத்தால் ‘எனிபொடி டிட் நொட் கம்’ என்று எழுதக்கூடும். இந்தப் பாடத்தைத் தமிழ் மொழிமூல வகுப்புக்கும் சிங்கள மொழிமூல வகுப்புக்கும் பொதுவாகவே தயாரிக்கலாம். இரண்டு சமூகத்து ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது. இவ்வளவு அருகில் கிடக்கும் வாய்ப்பை நாம் இன்னும் எடுக்காமல் இருப்பது வருத்தந்தான்.

பெயரிடத்தில் மறுப்பை வைப்பதால் ஆங்கிலத்துக்கும் அதன் உறவு மொழிகளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ‘ஒருவருமில்லாமை’ ஓர் ஆள் போல எழுவாயாக நடக்கத் தொடங்கிவிடும். கிரேக்கக் காவியமான ஒடிசியின் ஒன்பதாம் படலத்தில் ஒடிசியஸ் ஒற்றைக்கண் அரக்கனிடம் தன் பெயர் ‘ஊட்டிஸ்’ என்கிறான். ‘ஒருவருமில்லை’ என்பது அதன் பொருள். கண் பறிபோன அரக்கன், என்னைக் கொல்வது ஊட்டிஸ் என்று கத்துகிறான். ஒருவரும் கொல்லவில்லையாக்கும் என்று அக்கம்பக்கத்து அரக்கர்கள் திரும்பிப் போகிறார்கள். லூயிஸ் கரோல் 1871இல் எழுதிய ஆலிஸ் கதையில், வீதியில் ‘நோபொடி’யைக் காண்கிறேன் என்று அவள் சொன்னதும், இவ்வளவு தூரத்திலிருந்து அவனைக் காண எனக்கும் அப்படிக் கண் இருந்தால் நல்லது என்கிறான் அரசன். இந்த இரண்டையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஒருவரையும் காணவில்லை’ என்று ஆலிஸ் சொன்னால் அந்த அரசனுக்குப் பதில் சொல்ல இடமே கிடைக்காது. நமது மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடங்களில் படும் பாட்டைத் தமிழின் இயலாமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் குழப்பம் தத்துவத்துக்குள்ளும் போயிற்று. தத்துவ அறிஞர் ஹைடெகர் 1929இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் ‘நத்திங்’ என்பதற்கு நேரான ஜெர்மன் சொல்லையே எழுவாயாக்கி அதற்கு ஒரு வினையும் கொடுத்தார். சில ஆண்டுகளில் கார்னாப் என்ற தர்க்க அறிஞர் அதை மறுத்து எழுதினார். ‘நத்திங் இஸ் அவுட்சைட்’ என்ற வகை வாக்கியத்தின் உண்மையான தர்க்க வடிவம், வெளியே இருக்கும் பொருள் என்று ஒன்றும் இல்லை என்பதே என்று காட்டினார். அவர் தர்க்கக் குறிகளால் எழுதிக் காட்டிய அந்த வடிவம், ‘வெளியே ஒன்றும் இல்லை’ என்று நம் வீடுகளில் சொல்லும் வாக்கியத்தின் அமைப்புக்கு மிக நெருக்கமானது. இதை வைத்துத் தமிழ்தான் தத்துவத்துக்கு ஏற்ற மொழி என்று நான் வாதாட மாட்டேன். இன்மை, வெறுமை, சூனியம் என்று பெயர்ச்சொற்களாக ஆக்கி நாமும் அதே குழிக்குள் விழலாம். நாளாந்த வாக்கியத்தில் அந்த ஆபத்து நமக்குக் குறைவு என்பது மட்டுமே இங்கு நான் சொல்வது.

ஆனால் நமக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. அதை நமது இலக்கண ஆசிரியர்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சொற்பொழிவில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இதுதான். ‘எல்லாரும் வரவில்லை’ என்ற வாக்கியத்துக்கு என்ன பொருள்? ஒருவரும் வரவில்லை என்றும் கொள்ளலாம். சிலர் வந்தார்கள், முழுப்பேரும் வரவில்லை என்றும் கொள்ளலாம். மீன் சந்தையில் ‘பிடிச்ச மீன் எல்லாம் விற்கேல்லை’ என்று ஒருவர் சொன்னால் கொஞ்சம் விற்றது, கொஞ்சம் மிஞ்சியது என்று விளங்கிக்கொள்கிறோம். ‘ஒரு மீனும் விற்கேல்லை’ என்றால் கூடை வந்தபடியே இருக்கிறது. தொல்காப்பியம் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. நன்னூலும் எட்டுத்தான் சொல்கிறது. அவற்றில் ஒன்று முற்றும்மை, அதாவது முழுவதையும் தழுவிக்கொள்ளும் உம்மை. இன்னொன்று எச்சவும்மை, அதாவது சொல்லப்படாத மிச்சம் ஒன்று உண்டு என்று காட்டும் உம்மை. இவ்வளவோடு நில்லாமல், முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்று தொல்காப்பியர் ஒரு தனி நூற்பாவே செய்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் அதை எடுத்தாண்டார். தொல்காப்பிய உரைகளில் இதற்குக் காட்டும் உதாரணம் ‘பத்தும் கொடால்’ என்பது. பத்தையும் கொடுத்துவிடாதே, சிலவற்றைக் கொடு என்பது அதன் கருத்து. நன்னூல் உரையில் வரும் உதாரணம் ‘எல்லாரும் வந்திலர்’. சிலர் வந்தார்கள் என்பது அதில் உள்ளடங்கிய பொருள். இரண்டு உதாரணத்திலும் வினை எதிர்மறையாக இருப்பதைக் கவனியுங்கள். முழுமையைச் சொல்லும் சொல்லும் மறுப்பும் சந்திக்கிற இடத்தில்தான் பொருள் இரண்டாகப் பிரிகிறது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். இன்று மேல்நாட்டு மொழியியலில் மறுப்பின் வீச்சு என்று பெயரிட்டு நூல் நூலாக எழுதப்படுவது இந்த விடயந்தான்.

நூற்பாக்களின் வாசகத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. எச்சப் பொருள் தரும் என்று அடித்துச் சொல்லாமல், தருவதும் உண்டு, சிலவிடத்துத் தரும் என்று இருவரும் இடம் விட்டே சொல்கிறார்கள். அதாவது வாக்கியத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது, இடம் பார்த்தே கொள்ள வேண்டும் என்பது அவர்கள் தீர்ப்பு. ‘யாரும்’ என்பதில் இந்தத் தடுமாற்றம் இல்லை. ‘எல்லாரும்’ ஆட்களை ஒரு தொகையாகக் கட்டி வைக்கிறது. அந்தத் தொகையை மறுத்தாலும் உள்ளே சிலர் மிஞ்சலாம். ‘யாரும்’ ஒவ்வொருவராக எடுத்துக் கேட்கிறது: இவர் வந்தாரா, இல்லை, அவர் வந்தாரா, இல்லை, யாரை எடுத்தாலும் இல்லை. அதில் மிச்சத்துக்கு இடமே கிடையாது. தொல்காப்பிய உரைகளில் ஒன்றான சேனாவரையத்தைச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1868இல் அச்சேற்றினார். சொல்லதிகாரத்துக்குக் கணேசையர் குறிப்பெழுதிய பதிப்பு 1938இல் வந்தது. இருவரும் இந்தத் தீவின் வடபகுதியார். தி. த. கனகசுந்தரம்பிள்ளையைப் போன்ற பழந்தமிழ் வல்லுநரைப் பெற்ற ஊர் திருகோணமலை. இந்த அறிவு நமக்கு எட்டாத இடத்தில் இருக்கவில்லை. வகுப்பறைக்கு நாம் கொண்டுவராமல் இருந்துவிட்டோம்.

கொண்டுவராததன் விலை என்ன என்று கேட்டால், நமது அறிவித்தல்களையும் சுற்றுநிருபங்களையும் எடுத்துப் பாருங்கள் என்பேன். ‘எல்லா விண்ணப்பதாரிகளும் நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கப்படமாட்டார்கள்’ என்று ஒரு வாக்கியம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தகுதியுள்ள சிலரை மட்டும் அழைப்போம் என்பது எழுதியவரின் நோக்கம். வாசிப்பவருக்கோ ஒருவரையும் அழைக்கமாட்டார்கள் போலிருக்கிறது என்றும் படலாம். இது ஆங்கிலத்தில் ‘ஓல்’, ‘நொட்’ இரண்டும் சேர்ந்து வந்த வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு. ‘விண்ணப்பதாரிகளுள் தெரிவுசெய்யப்படுவோர் மட்டுமே அழைக்கப்படுவர்’ என்று எழுதிவிட்டால் மறுப்பே வேண்டியதில்லை, மயக்கமும் இல்லை. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில் இருக்கிறது. கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் மும்மொழியில் கடிதப் போக்குவரத்து நடக்க வேண்டும். இலங்கை அரசியலமைப்புக்கு 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. அதே நாட்டின் சட்டங்களின் முடிவில், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாசகமும் வழக்கமாக இருக்கிறது. மயக்கமான தமிழை வாசித்துத் தனக்குச் சாதகமான பொருளை நம்பி நடந்தவருக்கு அந்தத் தமிழ் கைகொடுக்காது என்பது இதன் விளைவு. ஆகவே தமிழ் உரை ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டியது, தமிழை மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவரின் பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட விடயம்.

நன்றாகச் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘நோ பேர்சன்’ என்று தொடங்குகிறது. மறுப்பு முதற்சொல்லிலேயே வந்துவிடுகிறது. தமிழில் அது ‘ஆளெவரும்’ என்று தொடங்கி ‘ஆகாது’ என்று முடிகிறது. எழுதியவர் ‘எல்லா ஆட்களும்’ என்று போடவில்லை. போட்டிருந்தால் சிலரைச் சித்திரவதை செய்யலாம் என்ற எச்சப் பொருளுக்குக் கதவு திறந்திருக்கும். ‘எவரும்’ என்றதால் ஒருவருக்கும் விலக்கில்லை. கைதைப் பற்றிய 13ஆம் உறுப்புரையும் இதே வழியில்தான் செல்கிறது. இலக்கணம் தெரிந்த கை செய்த வேலை இது. ஆனால் இங்கே தமிழுக்குரிய பலவீனமும் பக்கத்திலேயே இருக்கிறது. நமது மறுப்பு வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. ‘படலாகாது’ என்பதில் கடைசி இரண்டு எழுத்தையும் எடுத்துவிட்டு ஒரு மகர ஒற்றை வைத்தால் ‘படலாம்’ ஆகிவிடும். உரிமை முழுவதும் தலைகீழாகும். ஆங்கிலத்தில் முதற்சொல்லைத் தின்றாலொழிய அப்படி நடக்காது. சட்டத் தமிழில் எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஐந்தாறு வரி ஓடுவது வழக்கம். வாசிப்பவர் வினைக்கு வருவதற்குள் தடையா அனுமதியா என்று தெரியாமல் நடந்துகொண்டிருப்பார். எழுவாயையும் எதிர்மறை வினையையும் அருகருகே வைத்து, நிபந்தனைகளைத் தனி வாக்கியமாக்குவதே இதற்கு வழி. அச்சுப்படி திருத்துபவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முதலில் பார்க்கப் பழகிக்கொள்ளவும் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து ஓர் உதாரணம். இந்திய உச்ச நீதிமன்றம் 2013 செப்டெம்பர் 27இல் வழங்கிய தீர்ப்பின்படி, வேட்பாளர் எவரையும் விரும்பாத வாக்காளருக்கென்று வாக்கு இயந்திரத்தில் ஒரு பொத்தான் வைக்கப்பட்டது. ஆங்கிலத்தில் ‘நன் ஒஃப் த அபவ்’, சுருக்கமாக நோட்டா. 2014 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். நீலகிரித் தொகுதியில் மட்டும் 46,559 வாக்கு. அந்தத் தேர்தலில் இந்தியாவிலேயே அதிகம் அதுதான். மக்கள் அதை ‘நோட்டா’ என்றே சொல்கிறார்கள். தமிழ் வாசகம் எதுவும் நாவில் ஏறவில்லை. ‘மேற்கண்டவர்களில் எவரும் இல்லை’ என்று பெயர்த்தால், அவர்கள் அங்கே இல்லை என்றுதான் தமிழில் காதில் விழுகிறது. ஆங்கிலத்தில் ‘நன்’ தனியாக நின்று மறுக்கும். தமிழில் எதை மறுக்கிறோம் என்று வினை சொல்லியாக வேண்டும். ‘எவரும் வேண்டாம்’ என்ற இரண்டு சொல்லில் அந்தக் காரியம் முடிந்துவிடும். வாக்காளரின் மனத்தில் இருப்பதும் அதுதான்.

இன்னும் இரண்டு ஆட்சேபம் இருக்கிறது. ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும், தாய்மொழியை உள்ளே விட்டால் பிழை கூடும் என்பது முதலாவது. ஆங்கிலம் நிறையக் காதில் விழ வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலம் காதில் விழும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த விளக்கம் தேவைப்படாமலும் இருக்கலாம். ஆனால் கிழமைக்குச் சில பாடவேளை மட்டும் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்குத் தாய்மொழி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ‘எனிபொடி டிட் நொட் கம்’ என்ற வாக்கியமே அதற்குச் சாட்சி. நாம் பேசாமல் விட்டாலும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். வெளியே எடுத்துக் காட்டினால் பிள்ளை தானே கண்டுகொள்ளும். இரண்டாவது, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு முற்றும்மையும் எச்சவும்மையும் எதற்கு என்பது. பெயர்கள் வேண்டியதில்லை. ‘எல்லாரும் வரேல்லை’, ‘ஒருத்தரும் வரேல்லை’ இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால் அந்த வயதுப் பிள்ளை சொல்லிவிடும். பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது, எழுத்தில் குரல் இல்லை; அதனால்தான் எழுத்தில் சொல்லைத் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் அதே பாடத்தில் சொல்லலாம்.

ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை ‘எனிபொடி டிட் நொட் கம்’ என்ற வாக்கியம் உங்கள் மேசைக்கு வரும்போது, வெட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, நீ நினைத்ததைத் தமிழில் சொல் என்று கேளுங்கள். ‘யாரும் வரவில்லை’ என்று சொல்லும். இதில் இல்லை என்பது எந்தச் சொல்லில் இருக்கிறது என்று கேளுங்கள். ‘வரவில்லை’யைத் தொட்டுக் காட்டும். ஆங்கிலத்தில் அதை முதற்சொல்லுக்குக் கொண்டுபோக வேண்டும், கொண்டுபோன பிறகு வினையில் விட்டுவைக்கக் கூடாது என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன்: எதிர்மறை வினையோடு முடியும் வாக்கியத்தில் ‘எல்லா’, ‘அனைத்து’, ‘சகல’ என்ற சொல் கண்ணில் பட்டால் கையெழுத்து வைக்குமுன் நிறுத்தி, ஒருவருமா, சிலரா என்று மூலத்தைப் பார்த்து முடிவு செய்து, ஒருவருமே என்றால் ‘எவரும்’ என்று மாற்றி எழுதுங்கள். உப்புவெளியில் ஓர் அறிவித்தலை வாசிக்கும் கடற்றொழிலாளிக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அது.